இரண்டு புயல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்?

மழைக்காலம் வந்தாலே நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன் பேச்சோடு புயல் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. "டிவியில ரெண்டு புயல்னு சொல்றாங்களே, ரெண்டும் சேர்ந்து வந்தா ஊரே போயிடுமா?" என்று கேட்கிறார்கள். "கடலுக்குள்ள போயிடுச்சுன்னு சொன்ன புயல் எப்படிங்க திரும்பி வரும்? ரமணன் சார் காலத்துலேர்ந்து இவங்க சொல்றது மாறிக்கிட்டேதானே இருக்கு" என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக மட்டும் அல்ல. புயல் நேரத்தில் முகாமுக்குப் போகலாமா, எப்போது வீடு திரும்பலாம், ஆட்டை எப்போது அவிழ்த்துவிடலாம் என்று பல வீடுகளில் முடிவு செய்வது பெண்கள்தான். அந்த முடிவு ஒரு நாள் முந்தினால்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் இந்த இதழில் இதை விளக்கமாகப் பார்ப்போம்.

புயல் தானாக நடப்பதில்லை

வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நடுவில் ஒரு சுழி உண்டாவதைப் பார்த்திருப்பீர்கள். சுழி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு இருக்கும். ஆனால் அதை முன்னால் கொண்டுபோவது வாய்க்கால் தண்ணீரின் ஓட்டம்தான். தண்ணீர் வேகமாக ஓடினால் சுழியும் வேகமாகப் போகும். ஓட்டம் நின்றுவிட்டால் சுழி ஒரே இடத்தில் கிடந்து சுற்றும்.

புயலும் இப்படித்தான். சூடான கடல் தண்ணீரிலிருந்து எழும் நீராவிதான் புயலுக்கு உணவு. அதைத் தின்று அது வலுவாகச் சுற்றுகிறது. ஆனால் அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதைச் சுற்றி வானத்தில் வீசும் பெரிய காற்றோட்டம். வானிலை ஆய்வாளர்கள் புயலின் பாதையைக் கணிக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது இந்தக் காற்றோட்டத்தைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் இருக்கும் பூமியின் வடபாதியில் எல்லாப் புயலும் இடஞ்சுழியாகவே சுற்றும். அதாவது கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக. ஆஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் வலஞ்சுழியாகச் சுற்றும். பூமி தன்னைத் தானே சுற்றுவதால் வரும் வித்தியாசம் இது.

இரண்டாவது புயல் வந்தால்?

ஒரு புயல் இருக்கும் கடலில் இன்னொரு புயலும் உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வெகு தூரத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதது வழியில் அதது போகும். ஆனால் நெருங்கி வந்துவிட்டால், முதல் புயலின் காற்று இரண்டாவது புயலைத் தள்ளும். இரண்டாவது புயலின் காற்று முதல் புயலைத் தள்ளும். ஒன்றுக்கு இன்னொன்று வாய்க்கால் ஓட்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

இதன் விளைவாக இரண்டும் நடுவில் உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்து ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். நம் பகுதிக் கடல்களில் அந்தச் சுற்றும் இடஞ்சுழியாகவே இருக்கும். கிழக்கே இருக்கும் புயல் வடக்கே போகும். மேற்கே இருக்கும் புயல் தெற்கே இழுபடும்.

சின்ன வயதில் இரண்டு பேர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருப்போம். இரண்டு பேரும் ஒரே எடை என்றால் இருவரும் சமமாகச் சுற்றுவோம். ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள் என்றால் பெரியவள் நின்ற இடத்திலேயே நின்று திரும்புவாள். சின்னவள்தான் அகலமாகச் சுற்றி வருவாள். புயலிலும் இதே கதைதான். பெரிய புயலின் பாதை அதிகம் மாறாது. சின்னப் புயல்தான் திசை மாறி அலையும்.

ஜப்பான் நாட்டு வானிலை அறிஞர் சகுஹெய் ஃபுஜிவாரா என்பவர் தண்ணீரில் சுழிகளை உண்டாக்கி அவை எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்து 1921-ஆம் ஆண்டு எழுதினார். அதனால் இதற்கு 'ஃபுஜிவாரா விளைவு' என்று பெயர். டிவியில் இந்தப் பெயரைச் சொன்னால் பயந்துவிட வேண்டாம். 'புயல்கள் ஒன்றையொன்று இழுத்துச் சுற்றுகின்றன' என்பதுதான் அதன் அர்த்தம்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு அகலமான அண்டாவில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் உமியைத் தூவுங்கள். இரண்டு கரண்டிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டு, ஒரே நேரத்தில் வெளியே எடுங்கள். இரண்டு சுழிகளும் ஒன்றையொன்று சுற்றிப் பிறகு கலப்பதை உமி காட்டிக்கொடுக்கும். முதல் தடவை சரியாக வராவிட்டால் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யலாம்.

எவ்வளவு நெருங்கினால் இது நடக்கும்?

பொதுவாக இரண்டு புயல்களுக்கும் இடையே சுமார் 1,400 கிலோமீட்டருக்குள் தூரம் இருந்தால் இந்த இழுவை தொடங்கலாம் என்கிறார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர். போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கோடு போட்டு நிறுத்திய கணக்கு அல்ல. பெரிய புயல் என்றால் இன்னும் தள்ளியிருந்தும் இழுக்கும். சின்னப் புயல்கள் என்றால் இன்னும் நெருங்க வேண்டும்.

அப்படி நெருங்கிய பிறகு மூன்று விதமாக முடியலாம்:

1. இரண்டும் கொஞ்ச தூரம் சுற்றிவிட்டு, பிறகு பிரிந்து தனித்தனி வழியில் போகலாம்.
2. பெரிய புயல் சின்னப் புயலைச் சிதைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளலாம்.
3. அபூர்வமாக இரண்டும் கலந்து ஒரே புயலாகலாம்.

"ரெண்டும் சேர்ந்தா ரெட்டை பலம்" என்பது உண்மையா?

இல்லை. இதுதான் வாய்வழியாக அதிகம் பரவும் வதந்தி. இரண்டு கிலோ அரிசியும் இரண்டு கிலோ அரிசியும் சேர்ந்தால் நான்கு கிலோ ஆகும். புயல் அப்படிக் கூடுவதில்லை. ஒரு புயலின் உச்சியிலிருந்து வெளியே பாயும் காற்று பக்கத்துப் புயலின் உச்சியைத் தள்ளிச் சாய்த்துவிடும். கோபுரம் சாய்ந்த புயல் பலம் இழக்கும். தவிர, ஒரு புயல் போன வழியில் கடலின் அடித்தண்ணீர் கலங்கி மேலே வருவதால் கடல் குளிர்ந்துவிடும். பின்னால் வரும் புயலுக்கு அங்கே சாப்பாடு குறைவு. ஆகவே பெரும்பாலும் இரண்டில் ஒன்றாவது மெலியும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த ஆபத்து பலத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. புயல் எதிர்பார்க்காத ஊருக்குப் போகலாம், போன ஊருக்கே திரும்பி வரலாம், ஒரே இடத்தில் நின்று நாள்கணக்கில் மழை கொட்டலாம். இது மூன்றும் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரே புயலில் நடந்தது.

பிலிப்பைன்ஸ், 2009: மூன்று முறை வந்த புயல்

பிலிப்பைன்ஸ் தீவுகளால் ஆன நாடு. அதன் வடக்கே உள்ள பெரிய தீவு லூசோன். தலைநகரம் மணிலா அந்தத் தீவில்தான் இருக்கிறது. 2009 செப்டம்பர் 26 அன்று கெட்சானா என்ற புயலின் மழையால் மணிலா மூழ்கியது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேறு காய்வதற்குள் அடுத்த புயல் வந்தது. உலக அளவில் அதன் பெயர் பர்மா. உள்ளூர் மக்களுக்கு அது பெபெங்.

அக்டோபர் 3 அன்று பர்மா லூசோனின் வடகிழக்கு மூலையில் கரையைத் தொட்டது. மணிலா இம்முறை தப்பியது. பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. புயல் தீவின் வடமுனையைத் தாண்டிக் கடலுக்குள் போனது. வழக்கம்போல நடந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்.

ஆனால் அதே நேரத்தில் கிழக்கே பெருங்கடலில் மெலோர் என்ற இன்னொரு புயல் வந்துகொண்டிருந்தது. அது பர்மாவைவிட மிகவும் பலமானது. பர்மாவைத் தள்ளிக்கொண்டு போன காற்றோட்டத்தை அது பலவீனமாக்கியது. தன் பங்குக்கு இழுக்கவும் செய்தது. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கிழக்கே இருந்த மெலோர் வடக்கே ஏறியது. மேற்கே இருந்த பர்மா நின்று, திரும்பி, தெற்கே இறங்கியது. அங்கே இருந்தது அது விட்டுப்போன அதே லூசோன் தீவு.

அக்டோபர் 6-ஆம் தேதி வாக்கில் பர்மா மேற்குப் பக்கத்திலிருந்து மறுபடியும் தீவுக்குள் நுழைந்து கிழக்குக் கடலுக்குப் போனது. மெலோர் தன் வழியில் வடக்கே போய் அக்டோபர் 8 அன்று ஜப்பானைத் தாக்கியது. இழுக்கவும் ஆளில்லாமல், தள்ளவும் ஆளில்லாமல் நின்ற பர்மா, மூன்றாவது முறையாகத் தீவின் குறுக்கே மேற்கு நோக்கி வந்தது.

அப்போது அது பலமான புயலே இல்லை. காற்று நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மழை நிற்கவே இல்லை. ஒரு வாரமாக நனைந்து ஊறிய மலை, அக்டோபர் 8, 9 தேதிகளில் சரிந்தது. பெங்கெட் என்ற மாகாணம் நம் ஊட்டி மாதிரி மலைக் காய்கறி விளையும் இடம். அங்கே வீடுகள் குடும்பத்தோடு மண்ணுக்குள் போயின. அணைகள் நிரம்பியதால் திறந்துவிட்ட தண்ணீர் கீழே பங்கசினான் மாகாணத்தின் பல ஊர்களை மூழ்கடித்தது. இந்த ஒரு புயலில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். கெட்ட பெயர் வாங்கியது காற்று. உயிரை எடுத்தது மழை. அதுவும் புயல் முதலில் கரை கடந்து ஐந்து நாள் கழித்து.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு சம்பவம்

2021 ஏப்ரல் மாதம் செரோஜா என்ற புயல் முதலில் இந்தோனேசியாவிலும் கிழக்குத் திமோரிலும் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. பிறகு தெற்கே நகர்ந்தபோது அங்கே ஒடெட் என்ற சின்னப் புயல் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றின. அது தென்பாதி என்பதால் வலஞ்சுழியாகச் சுற்றின. கடைசியில் ஒடெட் மெலிந்து செரோஜாவோடு கலந்துபோனது. செரோஜா ஏப்ரல் 11 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்பாரி என்ற ஊர்ப்பக்கம் கரை கடந்தது. இவ்வளவு பலமான புயல் வழக்கமாக வராத பகுதி அது. வீடுகளும் அதற்கேற்றபடி கட்டப்படவில்லை. பெரும்பாலான கட்டடங்கள் சேதமடைந்தன.

நம் கடலில் இப்படி நடக்குமா?

நடப்பது அபூர்வம். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சராசரியாக 25 புயல்களாவது வரும். வங்கக் கடல், அரபிக் கடல் இரண்டும் சேர்ந்து நமக்குச் சுமார் 5 தான். கூட்டம் குறைவு என்பதால் இரண்டு புயல்கள் முட்டிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. வங்கக் கடல் மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த சிறிய கடல். ஒரே நேரத்தில் இரண்டு பெரிய புயல்கள் வளர அங்கே இடமும் குறைவு.

2018 அக்டோபரில் வங்கக் கடலில் தித்லி, அரபிக் கடலில் லுபான் என்று ஒரே சமயத்தில் இரண்டு புயல்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம், இந்திய நிலப்பரப்பும் குறுக்கே. தித்லி ஆந்திரா, ஒடிசா பக்கம் போனது. லுபான் ஏமன் நாட்டுக்குப் போனது. 2019 அக்டோபர் கடைசியில் அரபிக் கடலிலேயே கியார், மஹா என்று இரண்டு புயல்கள் ஒன்றாக இருந்தன. ஆகவே 'நடக்கவே நடக்காது' என்றும் சொல்ல முடியாது.

ஆனால் இரண்டாவது புயல் இல்லாமலே, தள்ளும் காற்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக ஊர்ந்தது. கரை கடந்தது ஆந்திராவில். மூழ்கியது சென்னை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே பல மணி நேரம் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. பிலிப்பைன்ஸ் சொன்ன பாடம்தான் இங்கேயும்.

முன்னறிவிப்பு ஏன் மாறுகிறது?

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டுமானால், இன்னொரு மாடு என்ன செய்யும் என்றும் தெரிய வேண்டும். இரண்டு புயல்களில் ஒன்றின் இடத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலும் மற்றதன் பாதையும் தவறிவிடும். அதனால்தான் இந்த மாதிரி நேரத்தில் அறிவிப்பு அடிக்கடி மாறும். மாற்றிச் சொல்வது பொய் சொல்வது ஆகாது. புதுத் தகவல் வந்ததும் திருத்திச் சொல்வதுதான் சரியான வேலை.

டிவியில் புயல் பாதையைக் காட்டும்போது கோட்டின் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். 'புயலின் மையம் இந்த விசிறிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்பது அதன் பொருள். "நடுக்கோடு நம்ம ஊர் மேல இல்லை, அதனால நமக்கு இல்லை" என்று நினைக்கக் கூடாது. மழையும் காற்றும் விசிறிக்கு வெளியேயும் போகும்.

புயல் 'திரும்பி வர' மூன்று வழிகள்

முதலாவது, புயலின் கண். நடுப்பகுதி நம் ஊரைத் தாண்டும்போது காற்று திடீரென்று நிற்கும். வானம்கூட வெளுக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும்.

இரண்டாவது, பாதை மாறுவது. காற்றோட்டம் மாறினாலோ, இன்னொரு புயல் இழுத்தாலோ வந்த வழியே திரும்பலாம்.

மூன்றாவது, பின்னாலேயே அடுத்த தாழ்வு மண்டலம் வருவது. ஏற்கெனவே ஏரி, குளம் நிரம்பியிருக்கும்போது சின்ன மழையே கரையை உடைத்துவிடும்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். காற்று நின்றது என்று நாமாக முடிவு செய்து வெளியே வரக் கூடாது. வருவாய்த் துறையோ ஊராட்சியோ சொன்ன பிறகே முகாமை விட்டு வர வேண்டும். 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தி 'ஆபத்து நீங்கியது' என்ற செய்தி அல்ல.

குழுவாக நாம் செய்ய வேண்டியவை

* இந்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர் அல்லது பிரதிநிதி இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு அண்டாத் தண்ணீர் சோதனையைச் செய்து காட்டுங்கள்.

* தீர்மானப் புத்தகம், பேரேடு, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி, உயரமான கட்டடத்தில் வைக்க இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். குடும்ப அட்டை, ஆதார், நிலப் பட்டா நகலையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

* வானிலைத் துறை புயலுக்கு 72 மணி நேரம் முன்பே முதல் தகவல் தருகிறது. 48 மணி நேரத்துக்கு முன்னால் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன்னால் ஆரஞ்சு, 12 மணி நேரத்துக்கு முன்னால் சிவப்பு என்று எச்சரிக்கை ஏறும். மஞ்சளிலேயே கர்ப்பிணிகள், முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் பட்டியலைத் தயார் செய்யுங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் தூக்கிப் போக ஆள் கிடைக்காது.

* ஒரு நாளைக்கு மூன்று தடவை புது அறிவிப்பைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். நேற்றைய செய்தியை இன்று நம்ப வேண்டாம். போனில் வரும் 'ரெட்டைப் புயல்' செய்திகளை உறுதி செய்யாமல் அனுப்ப வேண்டாம்.

* சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. இரண்டையும் குழுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

* வீட்டில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசி, தீப்பெட்டி, மருந்து இருக்கட்டும். புயல் ஒரு நாளில் போய்விடும் என்று கணக்குப் போட வேண்டாம். பர்மா ஒரு வாரம் இருந்தது.

* மீனவக் குடும்பத்து உறுப்பினர்கள், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு இறங்கி, மீன்வளத் துறை அனுமதி தந்த பிறகே படகைக் கடலில் இறக்க விடுங்கள். கடன் தவணை நெருங்குகிறது என்பதற்காக யாரும் கடலுக்குப் போக வேண்டிய நிலை வரக் கூடாது. அந்த வாரத் தவணையைத் தள்ளிவைக்கக் குழுவிலேயே தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் ஊரில் கடைசியாக வந்த புயலில், காற்றால் வந்த நஷ்டம் எவ்வளவு, தண்ணீரால் வந்த நஷ்டம் எவ்வளவு?
2. முகாமிலிருந்து யார் முதலில் வீடு திரும்பினார்கள்? ஏன்? ஆடு மாட்டுக்காகவா, பொருள் திருடுபோகும் என்ற பயத்தினாலா, முகாமில் கழிப்பறை வசதி இல்லாததினாலா?
3. அந்தக் காரணத்தைச் சரி செய்ய ஊராட்சியிடம் நாம் என்ன கேட்க வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு எடுக்கும் தீர்மானத்தை எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கோரிக்கைகளையும் சேர்த்து மழைக்கு முன்பே கிராம சபையில் வைப்போம்.